வன்னியில் வீட்டுச் சின்னம்: கட்சி தானே தேடிக்கொண்ட அடிகள், நாங்கள் கண்டவை

விசுவமடுவான் எழுதியது:

தமிழரசுக் கட்சியை வன்னியில் தோற்கடித்தது யார் என்று கேட்டால் பலரும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்தைத்தான் சொல்கிறார்கள். 2024 நவம்பரில் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி எடுத்தது. தமிழரசின் வீட்டுச் சின்னத்துக்கு ஒன்றுதான். பிரிந்து போனவர்கள் சங்குச் சின்னத்தில் தனியாக ஒன்றை எடுத்தார்கள். 2020 இல் மற்றத் தமிழ்க் கட்சிகளோடு தமிழ்த் தேசியக் கூட்டமைப்பாகச் சேர்ந்து நின்றபோது இதே மாவட்டத்தில் மூன்று கிடைத்தது. இந்த நான்கு ஆண்டுகளில் வெளியிலிருந்து யாரும் வந்து வீட்டை இடிக்கவில்லை. இடித்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள் என்பது என் எண்ணம். அதற்கான தொடக்கம் இன்னும் பழையது. நான் கண்டதைச் சொல்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

2010 ஜனவரி. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து வெளியே வந்து வவுனியாவில் சொந்தக்காரர் வளவில் தகரக் கொட்டில் போட்டு இருந்தோம். முள்ளிவாய்க்காலில் யுத்தம் முடிந்து எட்டு மாதம். ஜனாதிபதித் தேர்தல் வந்தது. ஒரு பக்கம் மஹிந்த ராஜபக்ச, மறுபக்கம் அவருடைய இராணுவத் தளபதியாக இருந்த சரத் பொன்சேகா. கூட்டமைப்பு பொன்சேகாவுக்கு ஆதரவு என்று அறிவித்தது. துண்டுப் பிரசுரத்தோடு ஒருவர் வந்தார். பெரியம்மா அவரை இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தார். கடைசிக் கட்டத்தில் இரணைப்பாலையில் செல் விழுந்து பெரியம்மாவின் இரண்டாவது மகன் போய்விட்டான்.

"தம்பி, அடிக்கச் சொன்னது அவர். அடிச்சது இவர். இதில ஆருக்கு நான் புள்ளடி போட?"

வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "கட்சி முடிவம்மா" என்று மட்டும் சொன்னார். வேறு ஒரு சொல் இல்லை. பெரியம்மா பொன்சேகாவின் அன்னச் சின்னத்துக்குத்தான் போட்டார். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் பொன்சேகா முன்னுக்கு வந்தார், நாடு முழுவதற்கும் தோற்றார்.

அந்த முடிவுக்குக் காரணம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ராஜபக்ச குடும்பத்தின் பிடியைத் தளர்த்த அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை என்று பின்னாளில் பலர் எழுதினார்கள். ஆனால் அதைப் பெரியம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவரிடம் படைத் தளபதிக்கு வாக்குக் கேட்கப் போகிறவர், முற்றத்தில் அரை மணி நேரம் இருந்து விளங்கப்படுத்தக் கடமைப்பட்டவர். அதே ஆண்டு பொதுத் தேர்தலுக்கு முன்னரே கஜேந்திரகுமார் பொன்னம்பலம் தரப்பு கூட்டமைப்பை விட்டுப் பிரிந்து போனது. முதல் விரிசல் அதுதான்.

ஓமந்தை விவசாயி எழுதியது:

விசுவமடு அண்ணா யுத்தப் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் வயிற்றுப் பக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வாக்குக் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வன்னியில் தோட்டம் செய்கிறவர்களுக்குத் தம்புள்ளை மொத்தச் சந்தை என்றால் என்னவென்று தெரியும். விடியப் பிடுங்கின கத்தரிக்காயும் பப்பாசியும் லொறியில் ஏறித் தம்புள்ளைக்குப் போகும். அங்கே விலை வைப்பது நாங்கள் இல்லை. கழிவு, தரகு, லொறிக் கூலி எல்லாம் போக மிச்சம்தான் எங்களுக்கு. அதே மரக்கறி திரும்பி வந்து வவுனியாச் சந்தையில் விற்கிறதை என் கண்ணாலேயே கண்டிருக்கிறேன். நாங்கள் கட்டிய சாக்கின் கட்டுக்கூட அவிழ்க்காமல் வந்திருக்கும். அதனால் 2016 இல் வவுனியாவுக்கும் அப்படியொரு மொத்தச் சந்தை, பொருளாதார மத்திய நிலையம், வரப்போகிறது என்றதும் எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு நடந்ததை எல்லோரும் பத்திரிகையில் பார்த்தீர்கள். அதை எங்கே கட்டுவது, ஓமந்தையா, தாண்டிக்குளமா என்று ஒரே கூட்டமைப்புக்குள் இரண்டு கட்சி. வட மாகாண முதலமைச்சர் விக்னேஸ்வரன் ஓமந்தை என்றார், அவருடைய சபையிலேயே இருந்த சிலர் தாண்டிக்குளம் என்றார்கள். தாண்டிக்குளத்தில் விவசாயப் பண்ணைக் காணி போய்விடும் என்பது ஒரு பக்க நியாயம். ஓமந்தை நகரிலிருந்து தூரம் என்பது மற்றப் பக்க நியாயம். இரண்டிலும் பொருள் இருக்கிறது. ஒரு கிழமைக்குள் விவசாயிகளையும் வியாபாரிகளையும் ஒரு மண்டபத்தில் இருத்திக் கேட்டிருந்தால் முடிவு வந்திருக்கும். அதற்குப் பதிலாக மாதக்கணக்கில் அறிக்கை மேல் அறிக்கை. கடைசியில் வவுனியா மதவுவைத்தகுளத்தில் ஒன்று, மாங்குளத்தில் இன்னொன்று என்று பங்கு பிரித்தார்கள். மதவுவைத்தகுளத்தில் கட்டடம் எழும்பியது, எழும்பி ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. நான் அந்தப் பாதையால் போகும்போதெல்லாம் புல் வளர்ந்த வாசலைப் பார்த்துக்கொண்டுதான் போவேன். எங்கள் லொறி அந்த வாசலைத் தாண்டித் தம்புள்ளைக்கே போய்க்கொண்டிருந்தது.

இதில் கொழும்பைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? காசு ஒதுக்கினார்கள், இடம் கேட்டார்கள். இடத்தைச் சொல்ல எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டு ஜூனில் அதே முதலமைச்சருக்கு எதிராகக் கட்சி உறுப்பினர்களே நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். முப்பத்தெட்டில் முப்பது ஆசனத்தை 2013 இல் மக்கள் கொடுத்த சபை அது! பிறகு சமரசமானார்கள், ஆனால் அடுத்த ஆண்டே விக்னேஸ்வரன் தனிக்கட்சி தொடங்கினார். எங்கள் பக்கத்து இளம் பொடியள் 2024 இல் திசைகாட்டிக்குப் போட்டதை நான் நல்லது என்று சொல்லவில்லை. ஆனால் "வீடு எங்களுக்கு என்ன செய்தது மாமா" என்று மருமகன் கேட்டபோது அந்தப் பூட்டின கட்டடத்தைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை.

கிளிநொச்சியிலிருந்து ஒரு தங்கை எழுதியது:

அண்ணாமார் இருவருக்கும் வணக்கம். கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் வந்தாலும் நாங்களும் வன்னி மண்தான், அதனால் எழுதுகிறேன்.

2017 பெப்ரவரி 20 ஆம் தேதி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கினார்கள். என் அம்மாவும் அதில் இருந்தார். அண்ணாவை 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் கையால் கொடுத்துவிட்டு வந்தவர். ஏ9 வீதியோரம் தகரம் போட்ட கொட்டகை, உள்ளே படங்கள். பகலில் பஸ் போகும் புழுதி முழுக்கப் படங்களில் படியும். அம்மா சேலைத் தலைப்பால் அண்ணாவின் படத்தைத் துடைப்பார், பிறகு பக்கத்தில் உள்ள படங்களையும் துடைப்பார். சில படங்களுக்கு உரிய தாய்மார் வர முடியாத வருத்தத்தில் இருந்தார்கள்.

அடுத்த மாதம் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் அரசாங்கத்துக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. 2015 ஒக்டோபரில் அரசு ஒத்துக்கொண்ட, பொறுப்புக்கூறல் பற்றிய 30/1 தீர்மானத்தை நிறைவேற்றத்தான் அந்தக் காலம். கூட்டமைப்பு அதை எதிர்க்கவில்லை. காலத்தை நீட்டினால்தான் ஐ.நா. மேற்பார்வை தொடரும், இல்லாவிட்டால் இலங்கை விடயம் மனித உரிமைப் பேரவையிலிருந்தே விழுந்துவிடும் என்பது அவர்களுடைய வாதம். இன்று யோசித்தால் அந்த வாதம் முழுப் பொய் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் அன்று எங்கள் கொட்டகையில் இருந்த தாய்மாருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? மழையிலும் வெயிலிலும் இருந்து ஒரு பதில் கேட்கிறோம், எங்கள் பிரதிநிதிகள் பதில் சொல்ல வேண்டியவர்களுக்குத் தவணை கொடுக்கிறார்கள். அப்படித்தான் கேட்டது.

ஒரு அரசியல்வாதி கொட்டகைக்கு வந்தார். யார் என்று எழுத மாட்டேன். வணக்கம் சொல்லி, ஒரு படத்துக்குப் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார். அம்மா எழும்பிப் போய், "ஐயா, ரெண்டு வருசம் எண்டு ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" என்றார். அவர் ஆங்கிலத் தீர்மானத்தின் பந்தி இலக்கங்களைச் சொல்லத் தொடங்கினார். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முடித்ததும், "அப்ப என்ர பிள்ளை எந்தப் பந்தியில இருக்கிறான்?" என்றார். அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் அம்மா முகம் கொடுப்பதில்லை.

கூட்டமைப்பின் தலைவர் சம்பந்தன் ஐயா அப்போது பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அந்தக் கதிரையில் இருந்துகொண்டே அரசின் வரவு செலவுத் திட்டங்களுக்குக் கட்சி ஆதரவாக வாக்களித்தது. புதிய அரசியலமைப்பு வரும் என்ற நம்பிக்கையில் செய்தார்கள். 2017 செப்டெம்பரில் அதற்கான இடைக்கால அறிக்கை வந்தது, அதோடு நின்றது. 2018 ஒக்டோபரில் மைத்திரிபால சிறிசேன அரசையே கவிழ்க்கப் பார்த்தார். 2019 இல் ஜெனீவாவில் இன்னும் இரண்டு ஆண்டுகள் கொடுக்கப்பட்டன. பதிலுக்கு எங்களுக்கு என்ன வாங்கித் தந்தீர்கள் என்று கேட்டால் காணி விடுவிப்பைச் சொல்வார்கள். படையினர் பிடித்து வைத்திருந்த முல்லைத்தீவுப் பிலக்குடியிருப்புக் காணி 2017 மார்ச் 1 ஆம் தேதி விடுபட்டது உண்மைதான். அதை வாங்கியவர்கள் முகாம் வாசலில் குழந்தைகளோடு படுத்துக் கிடந்த அந்த ஊர்ச் சனம்.

மடுவீதி எழுதியது:

நீண்டு எழுத வரவில்லை. 2025 ஓகஸ்ட். முத்தையன்கட்டில் இராணுவ முகாமுக்குப் போன இளைஞர் ஒருவர் குளத்தில் சடலமாக மீட்கப்பட்டார். எல்லோருக்கும் மனம் கொதித்தது. கட்சி ஹர்த்தாலுக்கு அழைத்தது, எந்த நாளில்? 15 ஆம் தேதி. மடு மாதாவின் திருவிழா நாள். பிழை தெரிந்து 18 இற்கு மாற்றினார்கள். பிறகு அதுவும் காலையோடு என்றானது. சில இடங்களில் கடை பூட்டினார்கள், சில இடங்களில் திறந்திருந்தது. மன்னாரில் ஒரு பங்குத் தந்தையையோ, வவுனியாவில் ஒரு வர்த்தக சங்கத்தையோ முன்கூட்டியே ஒரு தரம் தொலைபேசியில் கேட்டிருந்தால் அந்தப் பொடியனுக்காக வடக்குக் கிழக்கு முழுவதும் ஒன்றாய் நின்றிருக்கும். செத்த பிள்ளைக்குச் செய்ய வேண்டிய மரியாதை ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்பதுதான் என் கவலை.

விசுவமடுவான் எழுதியது:

தங்கை, அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இதை வாசித்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கட்சிக்குள் நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் உள்ளூராட்சித் தேர்தலில் தனித்துப் போட்டி என்று தமிழரசுக் கட்சி முடிவெடுத்தது, கூட்டமைப்பிலிருந்த மற்றக் கட்சிகளான ரெலோவும் புளொட்டும் குத்துவிளக்குச் சின்னத்துக்குப் போனார்கள். கூட்டமைப்பு உடைந்தது, தேர்தலோ நடக்கவே இல்லை. 2024 ஜனவரி 21 ஆம் தேதி திருகோணமலையில் தலைவர் பதவிக்கு முதல்முறையாக வாக்கெடுப்பு. சிறீதரன் 184, சுமந்திரன் 137. அன்று எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது, எங்கள் கட்சி வாக்குப் போட்டுத் தலைவரைத் தெரிகிறது என்று. ஒரு மாதத்துக்குள் விவகாரம் நீதிமன்றம் போய் மாநாடே தடைப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 1 ஆம் தேதி எங்கள் வவுனியாவில் கூடிய மத்திய குழு, ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவுக்கு ஆதரவு என்றது. அதே கட்சியைச் சேர்ந்த அரியநேத்திரன் தமிழ்ப் பொது வேட்பாளராக நின்றார், சிறீதரன் அவரோடு மேடையேறினார். சனம் யாரைக் கேட்பது? என் பக்கத்து வீட்டுக்காரர் சஜித்தின் தொலைபேசிக்குப் போட்டார், அவருடைய மனைவி அரியநேத்திரனின் சங்குக்குப் போட்டார். இருவரும் கட்சி சொன்னதைக் கேட்டுத்தான் போட்டோம் என்றார்கள்.

2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் வீட்டுக்கு மீண்டும் வாக்கு வந்தது. மார்ச் மாதம் வடக்கில் 5,940 ஏக்கர் காணி பற்றி அரசு வெளியிட்ட வர்த்தமானி சனத்தை உலுப்பியதும் அதற்கு ஒரு காரணம். சனம் தங்கள் கட்சி என்று திரும்பி வருகிறது, அதைக் கட்சி தனக்கான வெகுமதி என்று எண்ணிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் நேராகக் கேட்கிறேன், இங்கே கட்சிக்காரர் யாரும் வாசித்தால் பதில் எழுதுங்கள். 2017 செப்டெம்பரில் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் கூட்டமைப்பும் கை உயர்த்தியது. புதிய முறைக்குத் தேவையான எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த ஆண்டு ஓகஸ்டில் தோற்கடிக்கப்பட்டது, பழைய முறைக்கும் போக முடியாமல், புதிய முறைக்கும் போக முடியாமல் தேர்தல் தொங்கிப் போனது. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநர் ஆட்சி. கையில் இருந்த ஒரே சபையைப் பூட்டிய சட்டத்துக்கு ஏன் ஆதரவு கொடுத்தீர்கள், அந்த முடிவை எடுத்தவர்கள் யார், மத்திய குழுவில் அது பேசப்பட்டதா? அறிக்கையாக வேண்டாம். புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ ஒரு பொது நோக்கு மண்டபத்தில் வந்து சொல்லுங்கள். கதிரை நாங்கள் போடுகிறோம்.

ஒட்டுசுட்டான், துணுக்காய் பக்கத்து ஆட்களும் எழுதுங்கள். அங்கே 2024 இல் என்ன நடந்தது என்று கேட்க ஆவலாக இருக்கிறேன்.