மஹாபொல புலமைப்பரிசிலில் படிக்கும் பிள்ளைக்கு அமெரிக்க பிஎச்டி: இப்போதே என்ன செய்யலாம்?

கேள்வி: தங்கச்சி கொழும்புக் கம்பஸில் மூன்றாம் வருடம், இரசாயனவியல். குடும்பத்தில் முதல் பட்டதாரி. எங்கே தொடங்குவது?

பதில் 1: 3 வருடத்தோடு நிற்காமல் 4 வருடச் சிறப்புப் பட்டம் செய்யட்டும், ஆய்வு அனுபவம் அதில்தான். முதுமாணி பெரும்பாலும் கட்டாயமில்லை. இரசாயனவியல் பிஎச்டிக்குப் பொதுவாகக் கட்டண விலக்கும் மாதக் கொடுப்பனவும் உண்டு.

பதில் 2: பிள்ளைகள் சறுக்குவது பரிந்துரைக் கடிதத்தில். வழமையாக 3 கேட்பார்கள். வகுப்பில் மட்டும் கண்ட விரிவுரையாளர் 'நல்ல மாணவி' என்பதற்கு மேல் என்ன எழுதுவார்? இப்போதே ஒருவரின் ஆய்வுகூடத்தில் சேரச் சொல்லுங்கள். கருவியை இயக்கி, தரவைத் திகதியோடு குறிப்பேட்டில் பதிந்து பழகினால் கடிதத்துக்கு உயிர் வரும்.

பதில் 3: விண்ணப்பக் கட்டணம் கட்டுமுன் துறைக்கு மின்னஞ்சல் போட்டு விலக்குக் கேளுங்கள், சில இடங்களில் வெளிநாட்டவருக்குக் கிடைக்காது. ஜிஆர்இ (பட்டமேற்படிப்பு அனுமதிக்கான தேர்வு) கேட்காத துறைகளை முதலில் பாருங்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பெறுபேறு 2 வருடமே செல்லும், அவசரப்பட்டு எழுத வேண்டாம். முடிவுத் திகதி பெரும்பாலும் டிசம்பரில்.