பாலாற்றங்கரை ஆய்வு: சமூகப்பணி மாணவர் கிணற்று நீரையும் சோதிக்க வேண்டுமா?

களப்பணி:
வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஆலைப் பகுதிகளுக்கு ஆய்வேட்டுக்காகப் போகும் எம்.எஸ்.டபிள்யூ. (முதுகலைச் சமூகப்பணி) மாணவர்கள் கையில், நீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் எதற்கு? நாளைக்கு எத்தனை குடம், யார் சுமப்பது, கேன் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு. இதைக் கேட்பதுதான் நம் வேலை. சோதிக்க வேதியியல் துறை இருக்கிறது.

நீரளவு:
மறுக்கிறேன். "தண்ணி உப்பு" என்றால் 900ஆ, 4000ஆ? குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500இன்படி, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம். வேறு நீராதாரமே இல்லையென்றால் 2000 வரை. எண் இல்லாத மனு ஆட்சியர் அலுவலகத்தில் கிடப்பில்தான் கிடக்கும்.

களப்பணி:
மீட்டர் மின்கடத்துதிறனை வைத்து உப்பைக் கணக்கிடுகிறது, அவ்வளவுதான். தோல் பதனிடப் பயன்படும் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், அது மீட்டரில் தெரியவே தெரியாது. "400தான், நல்ல தண்ணிம்மா" என்று ஒரு மாணவர் சொல்லிவிட்டு வந்தால், அந்த வீட்டுக்கு நாமே தீங்கு செய்தவர்களாகிறோம்.

நீரளவு:
அதனால்தான் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்கிறேன். பம்பை ஐந்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடியுங்கள். மொத்தக் குரோமியத்துக்கான பாட்டிலில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவுகோல்) 2க்குக் கீழே இறக்க வேண்டும். நச்சு அதிகமுள்ள ஆறு இணைதிறன் குரோமியத்துக்குத் தனிப் பாட்டில், அமிலம் கூடாது, ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். ஒரே பாட்டிலை இரண்டுக்கும் அனுப்பினால், அமிலத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் மூன்று இணைதிறனாக மாறி அதன் அளவு குறைவாக வரும். மழைக்கு முன்னும் பின்னும் எடுக்காவிட்டால் ஒப்பிடவும் முடியாது.

மறுகரை:
இருவருமே வீட்டாரின் ஒப்புதலைப் பற்றிப் பேசவில்லை. பதில் சொல்பவரின் கூலி அந்த ஆலையிலிருந்துதான் வருகிறது. சுத்திகரிப்பு ஏற்பாடு செய்யாத ஆலைகளை மூடச் சொல்லி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஊர்கள் இவை. வேலை போய்விடுமோ என்று பயந்தால் "தண்ணியில குறையில்லை" என்றுதான் பதில் வரும். மேஸ்திரி பக்கத்தில் இருக்கும்போது நேர்காணல் எடுக்காதீர்கள். ஷிப்டு நேரத்தில் போனால் ஆலைக்குப் போனவர்கள் விடுபட்டு, வீட்டிலிருப்பவர்கள் மட்டுமே கணக்கில் வருவார்கள். நேர்காணலுக்கு ஒரு கையெழுத்து, நீர் மாதிரிக்குத் தனியாக ஒன்று. அறிக்கையில் கிணற்றுக்குக் குறியீட்டு எண் போதும். சர்வே எண் வெளியே போனால் நிலம் விலைபோகாது.

களப்பணி:
தனி ஒப்புதல் வேண்டும், அதை ஏற்கிறேன். ஆனால் முடிவு வரம்பை மீறி வந்தால் அன்றே வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். மாற்றுத் தண்ணீருக்கு ஊராட்சியிடமோ குடிநீர் வாரியத்திடமோ முன்கூட்டியே பேசி வைக்காத மாணவர் மாதிரியே எடுக்கக் கூடாது.

நீரளவு:
அதற்காக எடுக்காமலே விட்டால், அந்த வீட்டார் அதே தண்ணீரைத்தானே குடித்துக்கொண்டிருப்பார்கள்?