காட்டரசி வேடத்துக்கு எந்தக் கவசம் வேலூர் வெயிலைத் தாங்கும்?

பாலாற்றங்கரை மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் காட்பாடியில் தங்கிப் படிக்கும் மாணவி. வரும் மார்ச் மாதம் எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் கற்பனை உலக வேட அணிவகுப்பு நடக்கவிருக்கிறது. திரைப்படத்திலோ அனிமேயிலோ வரும் பாத்திரத்தை எடுத்துக்கொள்ளாமல், ஜவ்வாது மலைக் காட்டை ஆளும் அரசி ஒருத்தியை நானே கற்பனை செய்திருக்கிறேன். அவளுக்கு மார்புக் கவசமும் தோள் கவசமும் மரக்கிளைபோல் விரியும் கிரீடமும் செய்ய விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு அட்டைப்பெட்டியை வெட்டி, க்ளூ கன்னால் ஒட்டிய கவசம் பாதியிலேயே கைவிட்டது. நண்பகல் வெயிலில் வரிசையில் நின்றபோது பசை இளகி, கையை உயர்த்தியதும் இடது தோள் கவசம் முழங்கைவரை வழுக்கி இறங்கிவிட்டது. வியர்வையில் ஊறிய மார்பு அட்டையோ அப்பளம்போல நமுத்துப்போனது. மேடை ஏறாமலே திரும்பிய வருத்தம் இன்னும் ஆறவில்லை.

எந்தப் பொருளில் செய்வது, எப்படிக் கட்டிக்கொள்வது என்று சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் பக்கத்துத் தெருக்கூத்துக் கிரீடத்தை மாதிரியாகக் கொள்ளலாம் என்று எனக்கு ஆசை. பாட்டியோ, சாமி வேடத்தோடு விளையாடாதே என்று தடுக்கிறார். கூத்துக் கலையை அறிந்தவர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள்?

ஆம்பூர் பாட்டர்ன்காரர்:

தங்கைக்கு வணக்கம். காலணித் தொழிற்சாலையில் பாட்டர்ன், அதாவது வெட்டுவதற்கான அளவு மாதிரி, தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். என் மகனுக்கு இரண்டு கவசங்கள் செய்து கொடுத்திருக்கிறேன். அட்டையை இனித் தொடாதீர்கள். ஷூவின் உள்ளே மெத்தைக்காகப் போடும் இவிஏ என்ற நுரை ஷீட்டைத்தான் பல நாடுகளிலும் காஸ்ப்ளே, அதாவது கற்பனைப் பாத்திரங்களாக வேடம் அணிதல், செய்பவர்கள் கவசத்துக்குப் பயன்படுத்துகிறார்கள். மார்புக்கும் தோளுக்கும் 5 மி.மீ. கனமும், மேலே ஒட்டும் இலை வேலைப்பாட்டுக்கு 2 மி.மீ. கனமும் போதும். ஹாட் ஏர் கன்னால் சூடாக்கி, குடத்தின் வயிற்றில் வைத்து அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டால் அந்த வளைவிலேயே நின்றுவிடும். சூடு பட்டதும் மேற்பரப்பின் நுண்துளைகள் மூடிக்கொள்வதால் பெயின்ட்டையும் அதிகம் குடிக்காது.

ஒட்டுவதற்கு, ஷூவுக்குப் போடும் சொல்யூஷனையே வாங்குங்கள். இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, பிறகு அழுத்த வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு ஒட்டினால் பிரிந்துவிடும். அதன் நெடி தலையைச் சுற்ற வைக்கும். ஆகையால் அறைக்குள் வேண்டாம், மொட்டை மாடியில் செய்யுங்கள்.

அளவெடுக்க ஒரு வழி சொல்கிறேன். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு, தோழியை விட்டு அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இறுக்கமாகச் சுற்றச் சொல்லி, கவசத்தின் கோடுகளை அதிலேயே வரைந்து, முதுகுப் பக்கம் வெட்டிக் கழற்றுங்கள். உங்கள் உடம்பின் பாட்டர்ன் அப்படியே கையில் வந்துவிடும்.

எங்கள் ஊரில் தோல் துண்டு கிடைக்குமே என்று வாங்கிவிடாதீர்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு வரும் தோல் பெரும்பாலும் குரோமில் பதனிட்டது. நனைத்து அச்சில் அழுத்தினாலும் காய்ந்தபின் துவண்டுவிடும். விறைத்து நிற்க வேண்டுமானால் மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டதை, வெஜிடபிள் டேன் என்று கேட்டு வாங்க வேண்டும்.

குடியாத்தம் தையலகம்:

உள்ளே அணியும் துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சாட்டினும் வெல்வெட்டும் மார்ச் மாத வெயிலுக்கு ஆகாது. கைத்தறிப் பருத்தியை அடர்பச்சையில் சாயமேற்றி, அக்குளில் தளர்வாக வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். இவிஏ காற்றை விடாது என்பதால் வியர்வையைத் துணிதான் குடிக்க வேண்டும். உடையை வாடகைக்கு எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இப்படி வேடம் அணியும் வழக்கத்தின் தொடக்ககால உடைகளே கையால் தைத்தவைதான். 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் அக்கர்மனும் மிர்டில் டக்ளஸும் எதிர்கால உடை அணிந்து சென்றார்கள். அந்த இரண்டு உடைகளையும் தைத்தவர் மிர்டில்தான்.

செய்யாறு கூத்துக்காரர்:

மகளே, கூத்துக் குடும்பத்தில் பிறந்து நாற்பது ஆண்டுகளாக வேடம் கட்டுபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். எங்கள் கிரீடமும் தோளில் அணியும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கப்படுபவை. அந்த மரம் இலேசானது, செதுக்கவும் எளிது. மேலே வண்ணத் தாளும் கண்ணாடிச் சில்லும் ஒட்டுவோம். இரவில் கட்டினால் விடியும்வரை அடவு போட்டு ஆட வேண்டும் என்பதால், எங்களுக்கு வேடத்தின் அழகைவிடக் கட்டும் முறையே முதன்மையானது. தலையில் முதலில் பருத்தித் துணியை இறுக்கிச் சுற்றி, அதன்மேல்தான் கிரீடத்தை வைத்துக் கயிற்றால் கட்டுகிறோம். வியர்வை கண்ணுக்குள் இறங்காது, பாரமும் ஓரிடத்தில் அழுத்தாது, கிறுகிறுவென்று சுற்றி ஆடினாலும் கிரீடம் நகராது. உங்கள் தோள் கவசம் வழுக்கியதற்குப் பசையை மட்டும் குறை சொல்ல முடியாது. அதை முதுகில் குறுக்காக ஓடும் நாடாவில் கட்டி, அந்த நாடாவை இடுப்புக் கச்சையோடு முடிந்திருந்தால் ஒட்டு விட்டபோதும் விழுந்திருக்காது.

பாட்டியின் கவலையை நான் மதிக்கிறேன். மரத்தில் செய்த இந்தக் கட்டை அணிகள் துரியோதனனுக்கும் கர்ணனுக்கும் உரியவை, அரசர்களின் அணி. அவற்றின் வடிவை உங்கள் அரசி எடுத்துக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மாசி மாத மயானக் கொள்ளைத் திருவிழாவில் பாலாற்றங்கரைக்கு வரும் காளி வேடம் வேறு. அது நேர்த்திக்கடனுக்காக விரதம் இருந்து போடும் வேடம். அந்த முக ஒப்பனையை அணிவகுப்புக்கு எடுக்க வேண்டாம்.

முடிந்தால் செய்யாறு பக்கத்தில் தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை கிராமத்துக்கு ஒருமுறை வந்து, வேடம் கட்டும் நேரத்தில் அருகில் உட்கார்ந்து பாருங்கள்.

பாலாற்றங்கரை மாணவி:

அண்ணனுக்கும் ஐயாவுக்கும் தையலகத்தாருக்கும் மனமார்ந்த நன்றி. கூத்துக்கார ஐயாவின் பதிலைப் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். தலையில் சுற்றுவதற்குத் தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இவிஏ ஷீட் வாங்க சனிக்கிழமை ஆம்பூர் வருகிறேன்.