தங்கைக்கு அறக்கட்டளை உதவித்தொகை: எங்கே போடலாம்?

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பா துறைமுகத்தில் மீன் இறக்கும் வேலை. தடைக்காலம் 61 நாள் கையில் காசு புரளாது. கல்லூரிக் கட்டணமும் சரியாக அப்போதுதான் வந்து நிற்கும். தங்கை அரசுப் பள்ளியில் பிளஸ் டூ, 600க்கு 561. புதுமைப்பெண் பணம் மாதம் 1000 பஸ்ஸுக்கே சரியாகிவிடும். அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை பெண்களுக்கு வருஷம் 30,000 தருகிறதாமே, போடலாமா?

பாகூர்க்காரன்:
பத்தும் பன்னிரண்டும் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குத்தான் அது. ஆனால் 2025 பட்டியலில் புதுச்சேரி உண்டு, தமிழ்நாடு இல்லை. எங்கள் பாகூர் புதுச்சேரியில்; உங்களுக்கும் எனக்கும் நடுவில் கொஞ்ச தூரம்தான், என்ன செய்ய! ரிலையன்ஸ் அறக்கட்டளைக்கு முயலுங்கள். முதலாண்டு இளங்கலை மாணவர்களுக்கு, படிப்பு முடியும்வரை மொத்தம் 2 லட்சம் வரை. திறனறித் தேர்வு உண்டு.

நெல்லிக்குப்பம் அக்கா:
அகரத்தை விட்டுவிட்டீர்களே. நடிகர் சூர்யா தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'விதை' திட்டம். வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அன்று அம்மா பக்கத்து வீட்டு நாற்காலியை வாங்கிப் போட்டுவிட்டு, 'வசதின்னு நினைச்சுக்குவாங்களோ' என்று திரும்பக் கொடுத்துவிட்டார். வந்த தம்பி பாயில் உட்கார்ந்து டீ குடித்தார்.

அப்புறம், பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால் இருக்கிறதா பாருங்கள். வேறோர் இடத்தில் என் விண்ணப்பம் இதற்காகவே இரண்டு முறை திரும்பியது.

கேட்டவர்:
பார்த்தேன் அக்கா. ஆதாரில் இனிஷியலே இல்லை. நாளைக்கே போகிறோம்.