ஆன்ஃபீல்ட், ஓல்ட் டிராஃபோர்ட் டிக்கெட் விலை: ஏஜெண்ட் கேட்பது நியாயமா, நேரடியாக வாங்க வழி உண்டா?

செந்தூல் செண்டர்ஹாஃப்:
வணக்கம். அடுத்த பிப்ரவரி, மார்ச் வாக்கில் மகனோடு (13 வயது) இங்கிலாந்து போகத் திட்டம். லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் அல்லது மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்ட், இரண்டில் ஒன்றில் ஓர் ஆட்டம் பார்த்தால் போதும். இங்கே கோலாலம்பூரில் ஒரு ஏஜெண்ட் இரண்டு பேருக்கு 5,800 வெள்ளி கேட்கிறார். வெறும் டிக்கெட்தான், விமானமும் ஹோட்டலும் தனி. கிளப்பின் தளத்தில் பார்த்தால் விலை அதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும் போலிருக்கிறது. ஏன் இவ்வளவு வித்தியாசம்? நாமே நேரடியாக வாங்க முடியாதா? விலை இன்னும் ஏறுமா?

பிரிக்பீல்ட்ஸ் பின்வரிசை:
அண்ணே, முதலில் அந்த ஏஜெண்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இது ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட்டா, உறுப்பினர் டிக்கெட்டா?" ஹாஸ்பிடாலிட்டி என்றால் சாப்பாடு, லவுஞ்ச் எல்லாம் சேர்த்துக் கிளப்பே விற்பது. தலைக்குப் பல நூறு பவுண்டு ஆனாலும் முறையானது. எந்த லவுஞ்ச், எந்த நுழைவாயில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தின் பெயர் கிளப் தளத்தின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"உறுப்பினர் டிக்கெட், போனில் அனுப்பிவிடுவோம்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். அது யாரோ ஒருவருடைய உறுப்பினர் கணக்கில் எடுத்தது. இங்கிலாந்தில் காற்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் விற்பது 1994 முதல் குற்றம், கிளப் போட்ட விலைக்கே விற்றாலும்கூட. கிளப் கண்டுபிடித்து அந்தக் கணக்கை முடக்கினால் வாசலில் உங்கள் போன் வேலை செய்யாது. அங்கே நின்று, டிக்கெட் விற்ற தரகருக்கு போன் அடித்து ஒரு பயனும் இல்லை.

நேரடியாக வாங்கும் வழி இது. இருவருக்கும் தனித்தனியாக உறுப்பினர் சந்தா வேண்டும். பெரியவருக்கு ஏறக்குறைய 30, 40 பவுண்டு, பிள்ளைகளுக்குக் குறைவு. ஆன்ஃபீல்ட் டிக்கெட் பெரும்பாலும் குலுக்கலில்தான் கிடைக்கும். முதல் பாதிப் பருவத்துக்குக் கோடையில் ஒன்று, இரண்டாம் பாதிப் பருவத்துக்கு அதன்பின் இன்னொன்று. குலுக்கலுக்குப் பதியும் முன்பே மகனின் கணக்கை உங்களுடையதோடு இணைத்து ஒரே குழுவாக விண்ணப்பியுங்கள். தனித்தனியாகப் பதிந்து ஒருவருக்கு மட்டும் விழுந்தால் என்ன செய்வீர்கள்?

குலுக்கலில் விழாவிட்டாலும் கதை முடியவில்லை. பருவம் முழுவதுக்கும் சேர்த்து வாங்கிய சீசன் டிக்கெட்காரர்கள் வரமுடியாமல் திருப்பித் தரும் இருக்கைகள் அதே தளத்தில் போட்ட விலைக்கே மறுபடி வரும். ஆட்டத்துக்கு முந்தைய சில நாட்களில் அதிகம் வரும். ஆனால் ஒற்றை இருக்கைகளாக வரும், சேர்ந்த இரண்டு அபூர்வம். பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே உட்கார வைக்க முடியுமா என்று கிளப் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பலர் தடுக்கி விழும் இடம்: கூடையில் டிக்கெட் சில நிமிடமே நிற்கும். நம் ஊர் வங்கி, பணம் கட்டும்போது ஆப்பில் ஒப்புதல் கேட்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் கார்டு நிராகரிக்கப்பட்டு இருக்கை அடுத்தவருக்குப் போய்விடும்.

செந்தூல் செண்டர்ஹாஃப்:
ரொம்ப நன்றி. விமான டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடலாமா? மலிவாக இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் பின்வரிசை:
எடுக்கலாம், ஆனால் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் விட்டு எடுங்கள். ஜூனில் வரும் அட்டவணை முடிவானது இல்லை. டிவி நிறுவனங்கள் ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்த பிறகு சனிக்கிழமை ஆட்டம் வெள்ளி இரவுக்கோ திங்கள் இரவுக்கோ போகும், அது தெரியவருவதே ஆட்டத்துக்கு ஐந்தாறு வாரம் முன்புதான். மார்ச்சில் லீக் கப் இறுதியாட்டம் வரும். உங்கள் அணி அதில் நுழைந்துவிட்டால் அந்த வார லீக் ஆட்டமே வேறு தேதிக்குத் தள்ளிப்போகும். மார்ச் பின்பாதியில் தேசிய அணிகளுக்கான இடைவேளையும் உண்டு. பிப்ரவரி பாதுகாப்பானது. மலேசியக் கடப்பிதழுக்கு ஈடிஏ (பயணத்துக்கு முன் இணையத்தில் எடுக்கும் நுழைவு அனுமதி) 2025 ஜனவரி முதல் கட்டாயம், பிள்ளைக்கும் சேர்த்து.

பட்டர்வொர்த் கோலி:
விலை ஏறுமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஏறும். காரணம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மான்செஸ்டர் யுனைடெட்டின் ஆட்டநாள் வருமானம் 2023-24 பருவத்தில் 137.1 மில்லியன் பவுண்டு, 2024-25இல் 160.3 மில்லியன். அதே காலத்தில் ஒளிபரப்பு வருமானம் 221.8இலிருந்து 172.9க்கு இறங்கியது. சாம்பியன்ஸ் லீக் இல்லை, லீக்கில் 15ஆவது இடம். டிவி பணம் குறையும்போது கிளப் தன் கையில் இருக்கும் ஒரே திருகை இறுக்குகிறது, அதுதான் வாசலில் வாங்கும் டிக்கெட் பணம். அந்தப் பருவத்தின் நடுவிலேயே மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டை 66 பவுண்டு ஆக்கினார்கள். பவுண்டுக்கு ஐந்தரை வெள்ளி வைத்தால் 363 வெள்ளி. பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அப்போது சலுகை இல்லை. உங்கள் மகனுக்கும் அதே விலைதான் ஆகியிருக்கும். ஆகவே வாங்கும்முன் சலுகை உண்டா என்று ஆட்டத்துக்கு ஆட்டம் பாருங்கள்.

உள்ளூர் ரசிகர்கள் சும்மா இருப்பதில்லை. 2016 பிப்ரவரியில் லிவர்பூல் 77 பவுண்டு டிக்கெட் அறிவித்தபோது, சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். 2-0 முன்னிலை 2-2 ஆனது, சில நாளில் உரிமையாளர்களும் திட்டத்தைக் கைவிட்டார்கள். அந்த ஆண்டே வெளியூர் ரசிகர்களுக்கு 30 பவுண்டு உச்சவரம்பும் வந்தது. ஆனால் அந்த டிக்கெட் கிளப்போடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு, நமக்கில்லை.

கசப்பான விஷயம், அந்தத் திருகுக்கு எண்ணெய் ஊற்றுவதே நாம்தான். 2025 மே மாதம் புக்கிட் ஜாலிலில் 72,550 பேர், அதே 15ஆவது இடத்து அணியைப் பார்க்க! வாழ்நாளில் ஒருமுறை வருகிறவன் எவ்வளவு கேட்டாலும் தருவான், ஜெர்சியும் வாங்குவான் என்று கிளப்பை நடத்துகிறவர்களுக்குத் தெரியாதா?

கெப்போங் கர்வ்பால்:
அண்ணே, தூரத்திலிருந்து வருகிற ரசிகனைக் குற்றவாளி ஆக்காதீங்க. குலுக்கலில் நின்று போட்ட விலைக்கு வாங்குகிறவன் யார் விலையையும் ஏற்றவில்லை. ஏற்றுவது 5,800 வெள்ளி கொடுப்பவன்தான்.

பட்டர்வொர்த் கோலி:
பாதி ஒப்புக்கொள்கிறேன். குலுக்கலில் பெயர் கூடக்கூட "இவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள்" என்று கிளப்புக்கு ஒரு சாக்கு கிடைக்கிறது, அதை மறுக்க முடியாது.

செந்தூல்காரருக்கு ஒரு மாற்று: பெரிய அணிகள் இரண்டும் கிடைக்காவிட்டால் இரண்டாம் பிரிவு ஆட்டம் ஒன்று பாருங்கள். பெரும்பாலும் பொது விற்பனையிலேயே, சேர்ந்த இருக்கையாகக் கிடைக்கும். லண்டன் சிறிய கிளப் என்றாலே மலிவு என்று நம்பவேண்டாம். ஃபுல்ஹாமின் ஆற்றோர ஸ்டாண்டில் 3,000 பவுண்டு வரை சீசன் டிக்கெட் விற்றிருக்கிறார்கள். எங்கே போனாலும் உங்கள் டிக்கெட்டை உங்கள் போனிலும் மகனுடையதை அவன் போனிலும் ஏற்றுங்கள். ஒரே போனில் இரண்டு இருந்தால் வாசலில் எது திறக்கும் என்று தடுமாற வேண்டியிருக்கும். பிப்ரவரிக் குளிரில் பழைய பேட்டரி பொசுக்கென்று இறங்கும், பவர் பேங்க் பையில் இருக்கட்டும்.