ஏஎஃப்எல் (ஆஸ்திரேலியக் காற்பந்து லீக்) அகாடமியில் மகனைச் சேர்க்க வழி தெரியவில்லை, உதவுங்கள்

மெல்பேர்ணில் டண்டினோங் பக்கம் இருக்கிறோம். மகனுக்கு 13 வயது, நாலு வருடமாக உள்ளூர்க் கழகத்தில் ஃபூட்டி (ஆஸ்திரேலியக் காற்பந்து) விளையாடுகிறான், இருட்டிய பிறகும் கராஜ் சுவரில் பந்தைக் குத்திக்கொண்டே நிற்பான். பழங்குடிப் பிள்ளைகளோடு, பெற்றோரில் ஒருவர் ஆசியாவிலோ ஆப்பிரிக்காவிலோ பிறந்த பிள்ளைகளையும் ஏஎஃப்எல் கழகங்களின் இளையோர் பயிற்சித் திட்டமான நெக்ஸ்ட் ஜெனரேஷன் அகாடமிகள் எடுக்கின்றன. நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். ஜமாரா யூகல்-ஹேகன் இப்படி ஓர் அகாடமியிலிருந்துதான் 2020 டிராஃப்டில் (கழகங்கள் புது வீரர்களை முறைப்படி தெரிவு செய்வது) முதல் ஆளாகத் தெரிவானார்.

பெப்ரவரியில் ஓர் ஏஎஃப்எல் கழகத்தின் அகாடமிக்குப் படிவம் அனுப்பினேன், இரண்டு மின்னஞ்சல், பதில் இல்லை. அப்புறம் நேரில் போனால் உங்கள் வட்டாரம் எங்களுடையது இல்லை என்றார்கள். அடுத்த கழகமும் அதையே சொல்லிவிட்டது. பயிற்சியாளருக்கும் தெரியவில்லை.

வட்டாரத்தை எதை வைத்துப் பிரிக்கிறார்கள்: வீட்டு முகவரியா, பள்ளிக்கூடமா, விளையாடும் கழகமா?