உறங்குநிலைத் தொற்றா, கரந்துறை தொற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

> வைரஸ் உடலில் சும்மா கிடக்கும் கட்டத்துக்கு 'உறங்குநிலைத் தொற்று' என்றே வைத்துவிடலாமே?

பொது வாசகருக்குச் சட்டென்று விளங்கும் சொல்தான், ஐயா. ஆனால் நிணநீர்ப் புற்று பற்றிய கட்டுரையில் அதைப் போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். அங்கே வைரஸ் உறங்குவதில்லை.

எப்ஸ்டீன்-பார் வைரஸையே பாருங்கள். 1964-இல் பர்கிட் புற்று என்ற ஒருவகை நிணநீர்ப் புற்றின் செல்களில் கண்டது. உலகில் வளர்ந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் இதைச் சுமக்கிறார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. பி செல் என்ற வெள்ளணுவுக்குள் புகுந்து, தன் டிஎன்ஏவை வட்டமாக்கிக்கொண்டு தங்கிவிடும். புது வைரஸ்களை உண்டாக்காது. அதுவரை 'உறக்கம்' சரி. ஆனால் சில புரதங்களை மட்டும் உண்டாக்கும். அவற்றில் எல்எம்பி1 என்பது செல்லின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு சிடி40 ஏற்பிபோல (வெளியிலிருந்து வரும் ஆணையை வாங்கும் புரதம் அது) நடிக்கும். அசல் சிடி40-ஐ டி செல் என்ற இன்னொரு வெள்ளணு வந்து தூண்டினால்தான் வேலை நடக்கும். இதற்கு யாரும் வரவேண்டாம். 'வளர், சாகாதே' என்ற ஆணை ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். உறுப்பு மாற்றத்துக்குப் பின்போ எச்ஐவியாலோ நோயெதிர்ப்பு தளர்ந்தால் இத்தகைய செல்கள் கட்டு மீறலாம். இதையா உறக்கம் என்பது?

என் முன்மொழிவு: கரந்துறை தொற்று. கரந்துறை பாட்டு நமக்குப் பழக்கம்தானே. ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுள் ஒளிந்திருக்கும். வெளியில் தெரியும் பாட்டைப் படியெடுத்தால் உள்ளிருப்பதும் சேர்ந்தே வந்துவிடும். செல் பிரியும்போதும் அப்படித்தான், உள்ளிருக்கும் வைரஸின் டிஎன்ஏவும் சேர்ந்தே படியாகிவிடும். எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் இன்னும் ஒரு படி மேலே. டி செல்லின் சொந்த டிஎன்ஏவிலேயே தன்னைச் செருகிக்கொள்கிறது. சுமப்பவர்களில் சிறுபான்மையினருக்குப் பல பத்தாண்டுகள் கழித்து டி செல் புற்று வருகிறது.

('கரந்துறை தொற்று' வினைத்தொகை என்பதால் 'த்' மிகாது. இதற்குத் தனி இழை வேண்டாம், தயவுசெய்து.)

ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு இச்சொல் ஆகாது. அது ஒளிவதில்லை, பெருகிக்கொண்டே இருந்து பி செல்களைச் சீண்டுகிறது. மருந்தால் வைரஸை ஒழித்ததும் மண்ணீரலில் வரும் ஒருவகை நிணநீர்ப் புற்று சுருங்கியதுண்டு. அதற்கு 'நாட்பட்ட தொற்று' போதும்.

> சரி, கரந்துறையும் வைரஸ் மறுபடி பெருகத் தொடங்கினால் அதை எப்படிச் சொல்வீர்கள்?

'மீள்கிளர்ச்சி' என்று எழுதி வருகிறேன். 'கிளர்ச்சி' என்றதும் போராட்டம்தான் நினைவுக்கு வருகிறது என்பவர்கள், 'மீளெழுச்சி' சரிப்படுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.